மார்ஷ்வூட் கார் ஓடிய சனிக்கிழமை

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
1998 புரட்டாதி, திங்கட்கிழமை

தம்பி,

முந்தநாள் நான் கார் ஓட்டினேன்! ஓம், உன் அம்மாதான். றோட்டு ரெஸ்ற்றில் இரண்டு தரமும் பெயில் விட்ட அதே அம்மா. அதுவும் என்ன கார் தெரியுமோ? ரொறன்ரோ மனிதர் குதிரை வண்டியில் போய்வந்த காலத்தில், இதே ரொறன்ரோவில் செய்த கார். குதிரைப் பந்தயம் நடக்கிற வட்டப்பாதையில், ஒரு ஊர்ச்சனமே வேலியைப் பிடித்துக்கொண்டு கத்த, நான் ஓட்டினேன். முதலில் போன் எடுத்தேன். நீ தங்கியிருக்கிற சிநேகிதனின் வீட்டில் செய்தி பதிகிற மெசின்தான் பேசியது. அந்த மெசினிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கவா? கடிதம் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் பரவாயில்லை, எழுதுகிறேன். நீ படித்து முடித்த பிறகு, பெயர்களை எடுத்துவிட்டு, தமிழ்க் கடை வாசலில் சும்மா கிடக்கிற வாரப்பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுப்பதாக இருக்கிறேன். உன்னைப்போல நல்ல வேலையை விட்டுவிட்டு நிற்கிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள். அப்பாவைப்போல சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற தகப்பன்மாரும் இருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பாங்கில் கொம்பியூட்டர் வேலையை விட்டாயிற்று, சிநேகிதர் இருவரோடு ஒட்டாவாவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கம்பனி தொடங்கப்போகிறேன் என்று நீ ஒரே மூச்சில் சொன்னாய். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். பிறகு, "பாங்கிலை வேலை செய்யிறவனை ஊர் மதிக்கும். உது கொஞ்ச நாளிலை மூடுபட்டுப் போகும். மூடினாப் பிறகு ஆரின்ரை முகத்திலை முழிப்பாய்?" என்றார். நீ, "எனக்கு இருபத்தாறு வயசு அப்பா" என்றாய். அவ்வளவுதான். நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய், அவர் பேஸ்மென்ருக்குப் போய்விட்டார். நடுவில் நான் மூன்று பேருக்குச் சமைத்த கறியோடு நின்றேன். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஏதும் இல்லாமல் அல்ல. கோடை முழுவதும் நான் எதைத் தைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் முதலில் சொல்லியிருந்தால் அல்லவா நான் சொல்வது விளங்கும்?

நான் வேலை செய்கிற குஷன் கடையை உனக்குத் தெரியும். முதலாளி நிக்கோவையும் தெரியும், கிரேக்க மனிதர், வாய் ஓயாமல் பேசுகிறவர். சோபா, சாப்பாட்டுக் கடைக் கதிரை, படகுச் சீற் என்று எது வந்தாலும் தைப்போம். சித்திரையில் ஒருநாள் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா பொல்லூன்றிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய பெறாமகன் பீற்றர், சகோதரியின் மகன், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், இரண்டு பழைய கார்ச் சீற்றுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோல் வெடித்து, உள்ளே அடைத்திருந்த குதிரை மயிர் வெளியே தள்ளி, எலி குடும்பம் நடத்திய அடையாளமும் இருந்தது. நிக்கோ தொட்டுப் பார்த்துவிட்டு, இதை எறிந்துவிட்டுப் புதிது செய்யலாம் என்றார். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஏன் அப்படி வாய் வந்ததோ தெரியாது, "எறியத் தேவையில்லை, நான் இதையே திருத்தித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் ரூத். றிச்மண்ட் ஹில்லில், நாங்கள் போகிற பிள்ளையார் கோயிலுக்குக் கிட்டத்தான் வீடு. இது என்ன கார் என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டேன். "மார்ஷ்வூட். என்ரை அப்பா செய்தது" என்றார். அவர் இங்கிலிசில் சொன்னதை நான் என்னுடைய தமிழில் எழுதுகிறேன், குறை நினைக்காதே. நான் அவர் தகப்பன் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார் என்று நினைத்தேன். இல்லையாம். அந்தத் தொழிற்சாலையே அவர்களுடையதாம்!

அளவெடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை, அப்பா என்னைக் கோயிலடியில் இறக்கிவிட்டபோது, கும்பிட்டுவிட்டு ரூத் வீட்டுக்கு நடந்து போனேன். வீட்டு வளவின் பின்பக்கத்தில் மரக் கொட்டில் ஒன்று. பீற்றர் கதவை இழுத்துத் திறந்தான். தம்பி, நான் கார் என்று எதை நினைத்துக்கொண்டு போனேனோ அது அங்கே இல்லை. கண்ணாடி அலுமாரி ஒன்றுக்கு நாலு சில்லுப் பூட்டி நிறுத்தியது மாதிரி ஒன்று நின்றது. நாலு பக்கமும் கண்ணாடி, உயரமான கூரை, முன்னுக்குப் பித்தளை விளக்குகள். கதவைத் திறந்து பார்த்தால் ஸ்ரேறிங் வலது பக்கத்தில்! எங்கள் நாட்டுக் கார் மாதிரி! கனடாவிலும் ஆரம்பத்தில் பல கார்கள் அப்படித்தானாம். நான் சிரித்துவிட்டேன். ரூத்தும் சிரித்தார். பிறகு ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு கதையைத் தொடங்கினார். நான் அளவு நாடாவைப் பிடித்தபடியே கேட்டேன். அன்றைக்கு முடியவில்லை. கோடை முழுக்க, போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன்.

ரூத்தின் அப்பா தோமஸ் மார்ஷ்வூட் முதலில் சைக்கிள் செய்தவர். நகரத்துக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி ஒரு செங்கல் கட்டடத்தில், அவரும் தங்கை அடாவும் பட்டறை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த நகரத்துக்கே சைக்கிள் பைத்தியமாம். ஆண், பெண், பாதிரியார், எல்லோருக்கும் சைக்கிள். பிறகு அந்தப் பைத்தியம் திடீரென்று தெளிந்துவிட்டது. செய்த சைக்கிள்கள் விற்காமல் கூரை முட்டக் கிடந்தன. வேறு யாராவது என்றால் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தோமஸ் ஒரு சிறிய பெற்றோல் எஞ்சினை வாங்கி, இருந்த சைக்கிள் சில்லுகளில் தடித்தவை நாலைப் பொறுக்கி, மேலே இருப்பதற்கு ஒரு மர வாங்கை வைத்துப் பூட்டி, ஒரு வசந்த காலத்துக் காலையில் தெருவில் இறக்கினார். முதல் திருப்பத்திலேயே பால் வண்டிக் குதிரை வெருண்டு, வண்டி சரிந்து, தெரு முழுக்கப் பால்! பால்காரர் கெட்ட வார்த்தையால் ஏசினாராம். அடுத்தநாள் அடா தனியாக அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பால்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஒருக்கா ஏறிப் பாருங்கோ" என்று அவரையும் ஏற்றிச் சுற்றிக் காட்டினாள். அந்தப் பால்காரர்தான் அவர்களிடம் முதல் வண்டி வாங்கியவர்! இதைச் சொல்லும்போது ரூத் பொல்லால் நிலத்தில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நல்லாகத்தான் ஓடியது. ஆனால் அப்போது வேறு ஊர்களிலும் இப்படிச் சைக்கிள் செய்தவர், குதிரை வண்டி செய்தவர், கலப்பை செய்தவர் என்று எல்லோருமே கார் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தாங்கள் எதில் வித்தியாசம் என்று தோமஸ் யோசித்தார். அந்த நாளைக் கார்களுக்கு மூடின கூரையோ கண்ணாடியோ பெரும்பாலும் கிடையாது. பனி கொட்டத் தொடங்கினால் காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, மரக்கட்டைகளில் ஏற்றி வைத்துவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரையைத்தான் பூட்டுவார்கள். "பாதி வருசம் நித்திரை கொள்ளுற கார், பாதிக் கார்தான்" என்று தோமஸ் சொல்லிக்கொண்டிருப்பாராம். அதனால் அவர்கள் குளிருக்கென்றே ஒரு கார் செய்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. எஞ்சினிலிருந்து சூடான புகை போகிற குழாயைக் காலடித் தட்டுக்குக் கீழே வளைத்து விட்டார்கள், கால் சுடச்சுட இருக்கும். நாங்கள் வந்த முதல் தை மாதம் உனக்கு நினைவிருக்கும், பஸ் நிற்பாட்டில் நீ அழுதாய், கண்ணீர் கன்னத்தில் உறைந்தது. அந்தக் குளிருக்குத் தம்பி, அந்தக் குளிருக்கு இவர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்!

அதை ஊருக்கு எப்படிக் காட்டினார்கள் என்று கேள். தை மாதத்து நடுப்பகலில் அடா மெல்லிய பட்டுச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, கோட்டும் இல்லை, கையுறையும் இல்லை, யங் தெருவில் அந்தக் காரை மேலும் கீழும் ஓட்டினாள். நடைபாதையில் சனம் மூக்குவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இவள் கண்ணாடிக்குள்ளே இருந்து, கோடைகாலம் மாதிரி, எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டு போகிறாள். கடைக்காரர் எல்லாம் வெளியே ஓடிவந்து பார்த்தார்களாம். அந்தக் கிழமையே வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அடாவின் அந்தக் கார்தான் நான் சீற் தைத்தது! ரூத் இதைச் சொன்ன பிறகு அந்தச் சீற்றைக் கடையில் தொடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ குதித்தது. நிக்கோவிடம் சொன்னேன். அவர் வேலையை விட்டுவிட்டுக் கதையைத் திரும்பக் கேட்டார்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. உன் அப்பா சொன்னதுதான் நடந்தது. கண்ணாடியும் கூரையும் பாரம், சின்ன எஞ்சினால் மேடு ஏற முடியவில்லை. பெரிய எஞ்சின் தாங்களே செய்தார்கள், அதனால் கார் விலை ஏறியது. ஒருவருடைய காரில் காலடிக் குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, கம்பளம் புகைந்துவிட்டது. ஒருவரும் காயப்படவில்லை, ஆனால் கதை ஊரெல்லாம் பரவியது. அதைத் திருத்தி முடிக்கும்போது எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து மலிவுக் கார்கள் ஆறாகப் பாய்ந்து வந்தன. பிறகு முதலாவது பெரிய யுத்தம். தொழிற்சாலை கார் செய்வதை விட்டுப் பீரங்கிக் குண்டுக்கூடுகள் செய்தது. யுத்தம் முடிந்து, திரும்பக் கார் செய்யலாம் என்று பார்த்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூடிவிட்டார்கள். வேலையாட்கள் வேறு தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கொஞ்சக் காலத்தில் எல்லாக் கம்பனிகளும் கண்ணாடி வைத்த, சூடு வருகிற கார்களைச் செய்யத் தொடங்கின. இன்றைக்கு நீயும் நானும் குளிரில் ஏறி இருந்தவுடன் திருகிற ஹீற்றர் இருக்கிறதே, அது வரும் என்று தோமஸுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவர் பிழையாகச் சொல்லவில்லை தம்பி, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டார். ரூத் இதைச் சொல்லும்போது நான் கண்ணைத் துடைக்கப் போனேன். அவர், "ஏன் அழுறீர்? அவையள் அதைச் செய்தவையெல்லே!" என்றார். அந்த வீட்டில் அந்தக் கம்பனியைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

இனி என்னுடைய பங்கு. ஆடி மாதம் பீற்றர் எஞ்சினை ஓட வைத்தான். நான் சீற்றுகளைப் பூட்டிக் கொடுத்தேன், பழைய குதிரை மயிரைக் கழுவிக் காயவைத்து அதையே திரும்ப அடைத்து, மேலே கடும்பச்சைத் தோல். பீற்றர் ஏறி இருந்தான். முழங்கால் இரண்டும் ஸ்ரேறிங்கில் இடித்தது, காலை மிதிகட்டையில் வைக்கவே வழியில்லை. அந்தச் சீற்றை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ள முடியாது. அது அடாவின் அளவுக்கென்று அசையாமல் பூட்டியது. அடா என்னைப்போலக் கட்டை! நிக்கோ ஏறப் பார்த்தார், வயிறு விடவில்லை. ரூத்துக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறது, ஏற முடியாது. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏறி இருந்தேன். தைத்தபோது என்னுடைய முதுகைத்தான் நினைத்துத் தைத்தேனோ என்னவோ, முதுகு போய் அப்படியே பொருந்தியது. இரண்டு காலும் மிதிகட்டையில் நிறைவாகப் பட்டன. "எனக்கு லைசென்ஸ் இல்லை" என்றேன். "வளவுக்குள்ளை ஆர் கேக்கிறது!" என்றார் ரூத். அன்றைக்கு அந்த வளவுக்குள்ளே நான் ஓட்டிய மாதிரி அந்தப் பரீட்சைக்காரருக்கு முன்னால் ஓட்டியிருந்தால் லைசென்ஸைத் தட்டில் வைத்துத் தந்திருப்பார்.

ஒரு சிக்கல் இருந்தது. ரூத் வீட்டை விற்கப்போகிறார், காரை வைத்திருக்க இடமில்லை. அமெரிக்காவில் ஒருவர் எஞ்சினை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார், வேறு ஏதோ காருக்குப் பூட்டவாம். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒரு காட்சிச்சாலையோ, தன் சொந்தப் பலத்தில் ஓடுகிற கார் என்றால் முழுசாக எடுத்துக்கொள்கிறோம் என்றது. றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் ஒவ்வொரு புரட்டாதியும் கண்காட்சி நடக்கும், அங்கே குதிரை ஓடும் பாதையில் பழைய கார்களைச் சுற்ற விடுவார்கள். அங்கே வந்து பார்க்கிறோம் என்றார்கள் காட்சிச்சாலை ஆட்கள். ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடாவின் கார் துண்டு துண்டாகப் போகும். யார் ஓட்டுவது? நான்தான்!

அப்பாவிடம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். நீ போன நாளிலிருந்து அவர் தேவைக்கு மிஞ்சி ஒரு சொல் பேசுவதில்லை. "நாளைக்கு என்னை ஓரிடத்திலை கொண்டுபோய் விடவேணும். நான் கார் ஓட்டப் போறன்" என்றேன். "உமக்கு விசரோ?" என்றார். "ஓம்" என்றேன். விட்டுவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் வந்தார். ஆனால் கார் இழுவை வண்டியிலிருந்து இறங்குகிறபோது அந்த வலது பக்கத்து ஸ்ரேறிங்கைக் கண்டார். இறங்கி வந்து ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார், தொடவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய வாடகைக் காரைக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து எந்தக் காரையும் அவர் அப்படிப் பார்த்து நான் காணவில்லை. பிறகு வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பிப் போகவில்லை.

எங்கள் முறை வந்தது. பீற்றர் முன்னுக்குக் கைபிடியைச் செருகிச் சுழற்றினான். எஞ்சின் இருமிக் கனைத்துப் பிடித்துக்கொண்டது. நான் கிளச்சை விட்டேன். தம்பி, அது நகர்ந்தது! வேலியோரத்து முகங்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மெல்ல மெல்ல நழுவின. காலடியில் சூடு ஏறியது, உண்மையாகவே ஏறியது! சேலைக் கரை சூடாகிறது, எனக்கு ஒரே சிரிப்பு. கையசைக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் ஸ்ரேறிங்கை விடப் பயம். பாதையின் அந்தக் கோடியில், சனத்திலிருந்து தூரத்தில், ஒரு சின்ன மேடு. அதில் ஏறும்போது நான் கியரைப் பிழையாக இழுத்தேன். ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

பீற்றர் புல்லுக்குக் குறுக்கே ஓடிவந்து கைபிடியைச் சுழற்றினான். ஸ்ரேறிங்கில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது, ஸ்ரார்ட் பண்ணமுன் அதை மேலே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி அடிக்கும். பதற்றத்தில் நான் மறந்தேன், அவனும் கேட்க மறந்தான். கைபிடி திருப்பி அடித்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான். எலும்பு முறியவில்லை, ஆனால் வீங்குகிறது. தூரத்தில் காட்சிச்சாலை ஆட்கள் ஒருவரையொருவர் பார்ப்பது தெரிந்தது. அப்போது யாரோ வேலியால் ஏறிப் பாய்ந்து, நடுப்புல்லுக்குள்ளால் ஓடி வருவதைக் கண்டேன். முதலில் கண்காட்சிக்காரர் என்று நினைத்தேன். உன்னுடைய அப்பா! இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று பனி தள்ளவே மறுக்கிற மனிதர்!

வந்து குனிந்து பார்த்தார். மூச்சு வாங்க, "இஞ்சாரும், அந்த லீவரை மேலை விடும்" என்றார். விட்டேன். "கியர் நடுவிலையோ?" "ஓம்." யாழ்ப்பாணத்தில் காலையில் வாடகைக் காரை எழுப்புகிற மாதிரியே கைபிடியைப் பிடித்தார், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே அழுத்தாமல் மேலே ஒரு இழுவை. ஒன்றுமில்லை. இன்னொரு இழுவை. பிடித்துக்கொண்டது! வேலியோரத்தில் எழும்பிய சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பீற்றர் புல்லில் இருந்தபடியே, "போங்கோ! போங்கோ!" என்று நல்ல கையை ஆட்டினான். அப்பா விலகி நின்று வழி விட்டார். நான் கதவைத் தட்டி, "ஏறுங்கோவன்!" என்று கத்தினேன். யோசித்தார். பிறகு ஓடுகிற காரில் தொற்றி ஏறினார். மீதிச் சுற்று முழுவதும் எனக்கு இடப்பக்கத்தில் இருந்து, "மெல்ல... மெல்ல... இப்ப குடுங்கோ..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். எப்போதும் "விடும், சொல்லும்" என்கிறவர் எனக்கு மரியாதைப் பன்மை போட்டுப் பேசுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. சனத்துக்கு முன்னால் வந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், அப்பா இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார், பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறார்! ரூத் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நிக்கோ யாரோ தெரியாத பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுற்று முடிந்தது. காட்சிச்சாலை ஆட்கள் அந்த இடத்திலேயே கை கொடுத்தார்கள். அடாவின் கார் முழுசாகவே போகிறது.

பீற்றரை நிக்கோ வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனதால் ரூத்தை நாங்கள்தான் எங்கள் வான் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். ரூத் முன்சீற்றில். நான் பின்னாலிருந்து மார்ஷ்வூட் கதையை அப்பாவுக்குத் தமிழில் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓட்டினார். பிறகு தன்னுடைய இங்கிலிசில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, ரூத்திடம் கேட்டார், கம்பனி மூடின பிறகு உங்கள் அப்பா ஊராருடைய முகத்தில் எப்படி முழித்தார் என்று. அதே கேள்விதான் தம்பி! ஆனால் இந்தத் தரம் உண்மையாகவே பதிலுக்காகக் கேட்டார்.

ரூத் ஒளிக்கவில்லை. முதல் குளிர்காலம் தன் அப்பா வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். மாமி அடா அதைப் பொறுக்க மாட்டாமல், ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் விடுகிற நேரம் பார்த்து, அவரை இழுத்து இந்தக் காரில் இருத்தி, யங் தெருவில் மேலும் கீழும் ஓட்டுவாளாம். "எல்லாருக்கும் தொப்பியைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவாளாம். அவர் முதலில் நிலத்தைப் பார்த்தபடி தூக்கினார். பிறகு முகத்தைப் பார்த்துத் தூக்கினார். பனி கரைகிற நேரம் ஆட்களே மறித்து நிறுத்தி, தங்கள் காரில் ஏதோ சத்தம் கேட்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் ஒரு திருத்துகிற கராஜ் போட்டார். சாகும்வரை மற்றவர்கள் செய்த கார்களைத் திருத்தினார். சந்தோஷமாக இருந்தாரா என்று உன் அப்பா கேட்டார். "குளிர் நாளிலை ஆரின்ரை கார் வந்தாலும் முதலிலை குனிஞ்சு காலடித் தட்டைத்தான் தொட்டுப் பாப்பார். சூடாய் இருந்தால் விசில் அடிப்பார்" என்றார் ரூத்.

நான் உனக்குப் புத்தி சொல்கிறேன் என்றால் இதுதான் புத்தி. போ. நல்லாக ஓடினால் எனக்கும் ஒரு சுற்றுக் காட்டு. ஓடாவிட்டால் ஒளித்துக்கொண்டு திரியாதே, அடா செய்ததை நான் செய்வேன். உன்னை இழுத்துக்கொண்டு தமிழ்க் கடை, கோயில், கலியாணவீடு எல்லாம் போவேன். "எல்லாருக்கும் வணக்கம் சொல்லு" என்பேன். ஒருவருடைய பால் கொட்டினால் அடுத்தநாளே போய் மன்னிப்புக் கேள், கேட்டுவிட்டு உன் வண்டியில் அவரையும் ஏற்றிக் காட்டு. சிநேகிதர் இருவரோடும் சண்டை வந்தால் சாப்பிட்ட பிறகு சண்டை பிடி. வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா திடீரென்று, "உவன் என்னத்தைத்தான் செய்யப்போறான்? உமக்குச் சொன்னவனோ?" என்று கேட்டார். "ஓம், சொன்னவன்" என்றேன். "என்ன அது?" என்றார். "நான் சொல்லமாட்டன், அவனையே கேளுங்கோ" என்றேன். கோபிப்பார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. "அப்ப சனிக்கிழமை வரச் சொல்லும். நான் வேலைக்குப் போகேல்லை. ஆறுதலாய்ச் சொல்லட்டும், எனக்குக் கொம்பியூட்டர் விளங்காது" என்றார்.

அவருக்கு விளங்கும் தம்பி. கோடையில் நீ எனக்குச் சொன்னாயே, பிறம்ரனிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போகிற லொறிக்காரர் ஒரே தெருவுக்கு ஒருநாளில் இரண்டு தரம் போய் அலைகிறார்கள், எந்த வீட்டுக்கு முதலில் போவது, எந்த வழியால் போவது என்று கொம்பியூட்டர் சொல்லிவிட்டால் அவர்கள் பொழுதோடு வீட்டுக்கு வரலாம் என்று. யாரைப் பார்த்து உனக்கு அந்த யோசனை வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அந்த லொறிகளில் ஒன்றை ஓட்டுகிற உன் அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. நான் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை வா. கொம்பியூட்டரையும் கொண்டுவா. ஒன்று மட்டும், லொறி என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிடாதே. நான் தேத்தண்ணியோடு வந்து அவருக்கு எதிரே இருந்த பிறகு சொல்லு. அந்த நேரத்தில் அவருடைய முகத்தை நான் பார்க்க வேண்டும்.

அம்மா